நிலையான வருமானம்

என் மனைவியின் தம்பி டிரேடர் ஆகப்போகிறான் என்று அவர்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் என் மாமியார். "சின்ன வயசுலேர்ந்தே அவன் யார்கிட்டயும் ஏமாந்ததில்லை" என்பது அவர் சொன்ன தகுதி. அப்படிப் பார்த்தால் எங்கள் மாடிப் பூனைக்குத்தான் முதலில் வேலை கொடுக்கவேண்டும்.

நான் அவனை மைனர் என்றுதான் சொல்வேன். காலை பத்து மணிக்குக் கண் விழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தந்தால்தான் வெளியே தலை காட்டுவேன் என்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவன் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்திலேயே, அதுவும் நிதியியல் முதுகலையிலேயே வந்து சேர்ந்தது என் கெட்ட நேரம்.

அங்கே நான் ஒப்பந்த விரிவுரையாளன். அதற்கு முன் பல வருஷம் ஒரு வங்கியில் கடன் பத்திரம் வாங்கி விற்கும் மேசையில் இருந்தேன். அசல் டிரேடர். ஒருநாள், இந்த வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். முதலில் என்னை எடுத்தார்கள், பிறகு மேசையையும் எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் தொட்டியில் ஒரு செடி வைத்திருக்கிறார்களாம்.

நான் நடத்தும் பாடத்தின் பெயர் ஃபிக்ஸட் இன்கம். நிலையான வருமானம். அரசாங்கம் கடன் வாங்கினால் அந்தப் பத்திரம், அதாவது பாண்டு, என்ன விலை போகும், வட்டி ஏறினால் ஏற்கெனவே உள்ள பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது, இதுதான் விஷயம். டிரேடராகப் போகிறவன் முதலில் படிக்கவேண்டியது இதைத்தான் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஆனால் பெயரைக் கேட்டதுமே பசங்களுக்கு முகம் சுருங்கிவிடும். "பென்ஷன் வாங்குறவங்களுக்கான கோர்ஸா சார்?" என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே கேட்டான். கழுத்தில் டை கட்டியிருந்தான். மாணவன் டை கட்டிக்கொண்டு வந்தாலே அவனுக்குக் கூட்டல் வராது என்பது என் அனுபவம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிலையான வருமானத்தைப் பாடம் நடத்துகிற எனக்கு நிலையான வருமானம் கிடையாது. பத்துப் பேராவது சேர்ந்தால் வகுப்பு நடக்கும், ஒப்பந்தம் நீளும். குறைந்தால் இரண்டுக்கும் கும்பிடு. எங்கள் வீட்டின் நிலையான வருமானம் என் மனைவிதான். நர்ஸ். நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி அவள் இடுப்பு போய்விட்டது. இந்த முறை என் ஒப்பந்தம் நீண்டுவிட்டால் அவள் பாதி ஷிஃப்ட் மட்டும் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். மருத்துவமனையில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

எனக்குப் போட்டி டிரேடிங் லேப். கண்ணாடிச் சுவர், குளிர்பதன அறை, ஆசிரியர் மேசையில் ஆறு திரைகள். ஆறிலும் பச்சையும் சிவப்பும் ஓடிக்கொண்டேயிருக்கும். அதை நடத்துகிற பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் ஆறு திரைக்காரர். மனிதர் வாழ்க்கையில் ஒரு பங்கைக்கூட வாங்கி விற்றதில்லை. ஆனால் வங்கிகளில் பெரிய இடத்து ஆட்களோடு பழக்கம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பையனை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அவர் வகுப்பில் பொய்ப் பணத்தை வைத்துப் பொய்யாக வாங்கி, பொய்யாக விற்று, நிஜமாகக் கை தட்டிக்கொள்வார்கள். பதிவு தொடங்கிய முதல் நாளே அரை மணி நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும்.

இந்த வருஷமும் அப்படித்தான் தீர்ந்தது. அன்று மைனர் எழுந்தபோது மணி பதினொன்று.

சாயங்காலம் அக்காவிடம் வந்து அழுதிருக்கிறான். அவள் என்னிடம் அனுப்பினாள். நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தான், டிரேடர் ஆகணும்னா என்னென்ன கோர்ஸ் எடுக்கணும்?"

"முதல்ல காலைல எந்திரிக்கணும்."

"விளையாடாதீங்க அத்தான். லேப் போச்சு. எனக்கு வாழ்க்கையே போன மாதிரி இருக்கு."

"லேப் ஒரு வீடியோ கேம்டா. அதுல படிச்சவன் டிரேடர்னா, கார் கேம் ஆடறவன் டிரைவர். புள்ளியியல் எடு. கணக்குப் பதிவியல் எடு. ஒரு கம்பெனி எங்க பொய் சொல்லுதுன்னு தெரியணும். அப்புறம் என் கிளாஸ்."

புள்ளியியலுக்கு ஒருமுறையும் கணக்குப் பதிவியலுக்கு ஒருமுறையும் மூஞ்சியைச் சுளித்தான். என் வகுப்புக்கு அதையும் செய்யவில்லை, காதில் விழாத மாதிரி இருந்தான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாகக் கேட்டான்.

"உங்க கிளாஸ்ல இதுவரைக்கும் எத்தனை பேர் அத்தான்?"

"மூணு பேர்."

"ரூம்ல எத்தனை பேர் உட்காரலாம்?"

"இருபது. எதுக்கு?"

"சும்மாதான்." அவன் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தட்டினான். "நான் சேர்ந்துட்டேன். நாலாவது ஆள். என் ஃப்ரெண்ட்ஸையும் சேர்த்துவிடறேன். நம்ம அத்தான் கிளாஸ், விட்டுடுவமா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, என் தம்பியை எப்பப் பாரு கரிச்சுக் கொட்டறீங்களே" என்றாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது என்பதை மறைக்கவில்லை. அவனுக்கு என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன்.

இங்கே பரிமாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. பதிவு வாரம் முடியும்வரை, வெள்ளிக்கிழமை நண்பகல்வரை, இரண்டு மாணவர்கள் சம்மதித்தால் தங்கள் இடங்களை மாற்றிக்கொள்ளலாம். நீ என் இடத்துக்கு வா, நான் உன் இடத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான். வேறு துறைகளிலும் இந்த விதி இருக்கிறது, அங்கே யாரும் அதைச் சீண்டுவதில்லை. இங்கே இருப்பவர்கள் நிதி படிக்கிறவர்கள். அவர்கள் கையில் இந்த விதியைக் கொடுத்தது நாயிடம் செருப்பைக் கொடுத்த மாதிரி. தனக்கு வேண்டாத பாடத்திலும் போய் இடம் பிடித்து வைப்பார்கள், பிறகு அதை வைத்துப் பேரம் பேசுவார்கள். ஒரு பாடத்துக்கு ஆள் குவிந்தால் அது நல்ல பாடம் என்று இன்னும் ஆள் குவியும். எல்லாம் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் என் வகுப்பில் ஒன்பது பேர். அதற்கு மறுநாள் மதியம் இருபதும் நிரம்பி, காத்திருப்போர் வரிசை என்ற ஒன்று என் பாடத்தின் பெயருக்குக் கீழே முதன்முறையாக முளைத்தது. நான் திரையை இரண்டு முறை புதுப்பித்துப் பார்த்தேன். பொய் இல்லை.

எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. நடைகூட மாறியிருக்கவேண்டும், ஏனென்றால் எப்போதும் என்னைப் பார்க்காமல் போகிற அலுவலக எழுத்தர் அன்று எழுந்து வழி விட்டார். துறைத் தலைவர், எதற்கும் அதிகம் சிரிக்காத அம்மா, நடைபாதையில் நிறுத்தி, "பரவாயில்லையே, அடுத்த தடவை பெரிய ரூம் பார்க்கலாம்" என்றார். நான் "பார்க்கலாம் மேடம்" என்று அலட்சியமாகச் சொன்னேன். எனக்கென்னவோ பெரிய அறைகளே சலித்துவிட்ட மாதிரி.

காபி இயந்திரத்துப் பக்கம் ஆறு திரைக்காரர் நின்றிருந்தார். சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சார், உங்க பசங்க என் பக்கம் வர்றாங்களாமே?"

"அப்படியா? நல்லதுதானே" என்றார். கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். அந்த நிதானம்கூட எனக்கு அப்போது தோல்வியாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை என் அறைக்கு ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, தோளில் கனமான பையோடு. கதவைத் தட்டிவிட்டு, நான் வரச் சொன்ன பிறகும் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னதும் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டாள். பேசுவதற்கு முன் பேனாவை எடுக்கிற மாணவி என்று ஒரு பிறவி இன்னும் மிச்சமிருப்பது எனக்குத் தெரியாது.

"சார், எனக்கு லேப்ல இடம் கிடைச்சிருக்கு. ஒருத்தர் உங்க கிளாஸ்ல இருக்கற இடத்தைத் தர்றேன், மாத்திக்கலாமான்னு கேக்கறாரு. இந்த வருஷம் பேங்க்ல பாண்டுதான் கேப்பாங்க, லேப் படிச்சவங்களைச் சீண்டக்கூட மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு டிரேடிங்லதான் வேலைக்குப் போகணும். வேற வழி கிடையாது சார், வீட்ல நிலைமை அப்படி. மாத்திக்கவா?"

"தாராளமா மாத்திக்கம்மா. லேப் ஒரு வீடியோ கேம்."

அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் பேனா நிற்கும்வரை காத்திருந்து, மேற்கொண்டும் சொன்னேன். ஆறு திரைகளைப் பற்றி, பொய்ப் பணத்தைப் பற்றி, வாழ்க்கையில் ஒரு பங்கு வாங்காத மனிதரைப் பற்றி. கடைசி விஷயத்தை அவள் எழுதவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

எழுந்தவள் மறுபடி தயங்கினாள். "சார், ஒண்ணு மட்டும் கேக்கவா? திங்கக்கிழமை உங்க கிளாஸ்ல மூணு பேர்தான் இருந்தாங்க. பாடமும் மாறலை, நீங்களும் மாறலை. திடீர்னு ஏன் எல்லாரும் வர்றாங்க?"

ஒரு விலை காரணமில்லாமல் ஏறினால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. மேசையில் இருந்த காலத்தில் தினமும் இதைக் கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன். வகுப்பில் முதல் நாள் பலகையில் எழுதிப் போடுகிறதும் இதையேதான்.

"புத்தி வந்திருக்கும்மா" என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் பாதி ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்துவிடச் சொன்னேன். அவள் வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தாள். நான் என்னைப் பெரிய ஆளாக உணர்ந்தேன், மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை என் அறையில் கணினியைத் திறந்து வைத்து, காபியோடு உட்கார்ந்தேன். ரசிப்பதற்குத்தான். இருபது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், பதினெட்டு. காத்திருப்போர் வரிசையில் இருந்தவர்கள் ஏறிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வரிசையையே காணோம். பதினான்கு. காபி ஆறிப்போயிற்று. பதினொன்று. எனக்கு அந்த இறக்கம் நன்றாகத் தெரியும். யாரும் ஆத்திரத்தில் விற்கவில்லை, யாரும் வெறுக்கவில்லை. வைத்திருந்ததன் வேலை முடிந்துவிட்டது, கீழே போடுகிறார்கள். ஆறு. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, திரும்பி வந்தேன். முதல் நாள் உண்மையாகவே எனக்காகச் சேர்ந்த அந்த மூன்று பேரும், இடம் மாற்றிக்கொண்டு வந்த மற்றவர்களும், கூட்டம் ஓடுவதைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

நண்பகலில் பதிவு மூடியது. ஒன்று.

அந்த ஒன்று யாரென்று பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன். பேனாக்காரப் பெண்.

துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"ஒரு ஆளை வெச்சு கிளாஸ் நடத்த முடியாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"லேபுக்கு வெளியே நிறையப் பேர் நிக்கறாங்க. ரெண்டாவது பிரிவு திறக்கலாம்னு முடிவு. பாடத்திட்டம் எல்லாம் அவரோடது, அவர் சொல்றபடி நடத்தினாப் போதும். உங்களுக்கு அதுல விருப்ப..."

"இருக்கு மேடம்" என்றேன்.

அந்த அம்மா வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. வங்கிக்காரர்கள் வந்து கொடுக்கிற இலவசத் தொப்பிக்கு மாணவர்கள் பாய்வதைப் பார்த்து எத்தனை தடவை உதட்டைச் சுழித்திருப்பேன். அவர்களாவது கொஞ்சம் பொறுத்துப் பாய்வார்கள்.

சாயங்காலம் மைனர் வீட்டுக்கு வந்தான். சட்டை மடிப்புக் கலையாமல், முகமெல்லாம் பல்லாக.

"அத்தான், லேப் கிடைச்சிருச்சு! இதுதான் என் முதல் டிரேட்."

சோபாவில் சாய்ந்துகொண்டு அவனே விளக்கினான், கேட்காமலே. மூன்று பேர் மட்டும் இருக்கிற பாடம், இருபது பேர் மட்டும் கொள்ளும் அறை. நண்பர்களைக் கொண்டு நிரப்பினால் இடம் கிடைக்காத பாடம் ஆகிவிடும். பிறகு பாண்டைப் பற்றி ஒரு புரளி. யாராவது ஒருத்தர் பயந்து லேப் இடத்தை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு வெளியேறவேண்டியது. நண்பர்களில் பாதிப் பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டதாம்.

"எல்லாம் உங்க பேரை வெச்சுத்தான் அத்தான் ஏத்தினேன். அசல் டிரேடர் நடத்தற கிளாஸ்னு. ஆனா அந்தப் பொண்ணு லேசுல படியலை. உங்களையே கேட்டுட்டு வந்து சரின்னா. நீங்க என்ன சொன்னீங்களோ, சூப்பர்."

"அந்தப் பொண்ணு பேரு தெரியுமாடா உனக்கு?"

"பேரெல்லாம் எதுக்கு அத்தான்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவன் ஒரு புழு, இவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒரு கேடு, என்று என்னென்னவோ வாய்வரை வந்தது. ஆனால் மேசையில் இருந்த அத்தனை வருஷமும் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் பேரை நானும் கேட்டதில்லை. அவனை மடையன் என்று மட்டும் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

என் மனைவிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"என் இடுப்பை வெச்சாடா வெளையாடின?"

"அக்கா, அத்தானுக்கு வேலை போகலையே! ரெண்டாவது பிரிவு தந்துட்டாங்களாமே. யாருக்கும் நஷ்டமில்லை."

அவள் அவன் முன்னால் வைத்த காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை கண்ணாடி அறைக்குள் நான் நுழைந்தபோது முதல் வரிசையில் மைனர் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கடைசி நேரத்தில் இடம் மாறி வந்தவர்களை எல்லாம் இரண்டாவது பிரிவில் தள்ளிவிட்டார்கள். அவன் அவ்வளவு சாமர்த்தியம் பண்ணி அடைந்தது என்னை. கூடவே அவன் நண்பர்கள், கழுத்தில் டை கட்டியவன், எல்லாரும். மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அது வெகுநேரம் நீடிக்கவில்லை. கடைசி வரிசையில் அந்தப் பெண் இருந்தாள். பாடம் ரத்தானதால் அவளையும் இங்கே போட்டிருக்கிறார்கள். விட்டுக்கொடுத்த இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நோட்டைத் திறந்து வைத்திருந்தாள், கையில் பேனா.

ஆறு திரைகளையும் எப்படிப் போடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"போன வாரம் நான் உங்களைப் பார்க்க வந்தப்போ, லேப் ஒரு வீடியோ கேம்னு சொன்னீங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்." அவள் கிண்டல் பண்ணவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. "அது இருக்கட்டுமா சார், இல்லை அடிச்சுடவா?"

முதல் வரிசையில் மைனர் மெல்லச் சிரித்தான். "விலை மாறிடுச்சு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

இருக்கட்டும்மா, அது உண்மை, அடிக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லிவிட்டால் போதும், அந்த ஒரு பெண்ணுக்காவது நான் டிரேடராக இருந்த மனுஷன். அப்போது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு திரைக்காரரைப் பார்த்தேன். துறைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, முதல் வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்க வந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. கையில் காபி, நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வீட்டில் ஒருத்தி பாதி ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"அடிச்சுடும்மா" என்றேன்.

அவள் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, கோணாமல், ஒரே கோடாக அடித்தாள்.